காட்மியம் தொட்ட கை

நாள் தள்ளிப்போயிருப்பது உறுதியாகத் தெரிந்த அன்றும் நான் வழக்கம்போல வரிச்சிக்குடியில் பஸ் ஏறி, காரைக்காலில் இறங்கி, கல்லூரி ஆய்வகத்துக்குப் போய், காட்மியம் குளோரைடை எடை போட்டேன். போகாமல் இருந்திருக்கலாமே என்று யாராவது கேட்டால் எனக்கு இன்றைக்கும் கோபம்தான் வரும். சொல்வது சுலபம். ஆராய்ச்சி முடியும் தறுவாயில் இருந்தது, என் கைடு அந்த வருடக் கடைசியில் ஓய்வு பெறப்போகிறார், ஒரே ஒரு கட்டுரை வெளியாகாமல் தொண்டையில் முள்ளாக நின்றுகொண்டிருந்தது. அந்த நிலைமையில் இருந்து பார்த்தவர்கள் மட்டும் என்னைக் கேள்வி கேட்கட்டும்.

நான் செய்துகொண்டிருந்தவை குவாண்டம் புள்ளிகள். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். மிரள வேண்டியது அவற்றின் உள்ளே இருக்கிற காட்மியம் என்ற விஷத்துக்குத்தான். காட்மியமும் டெல்லூரியமும் சேர்ந்த குறைக்கடத்தியின் மிக மிகச் சிறிய துணுக்குகள் அவை. கண்ணுக்குத் தெரியாது, சாதாரண நுண்ணோக்கிக்கும் தெரியாது. ஆனால் அவை மிதக்கிற தண்ணீரை எடுத்துப் புறஊதா விளக்கின் கீழே காட்டினால் பளிச்சென்று ஒளிரும். துணுக்கு சின்னதாக இருந்தால் பச்சை. கொதிக்கக் கொதிக்க அது வளரும். வளர வளர மஞ்சள், அப்புறம் ஆரஞ்சு, கடைசியில் நல்ல சிவப்பு. பொருள் ஒன்றுதான், அளவு மாறினால் நிறம் மாறுகிறது. முதல் தடவை அதைப் பார்த்தபோது நான் சின்னப் பிள்ளை மாதிரி கை தட்டினேன்.

பெரிய ஆய்வகங்களில் இதைக் கடும் சூட்டில், எண்ணெய் போன்ற கரைப்பான்களில் செய்வார்கள். எங்களுக்கு அவ்வளவு வசதி ஏது? தண்ணீரில் செய்தோம். தண்ணீரில் என்றதும் என் வீட்டுக்காரர் ஏதோ ரசம் வைக்கிற வேலை என்று நினைத்துவிட்டார். கோட்டுச்சேரியில் வண்டி உதிரிபாகக் கடை வைத்திருக்கிறவர், பாவம், அவருக்கு என்ன தெரியும். காட்மியம் உப்பைத் தண்ணீரில் கரைத்து, துணுக்குகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருக்க கந்தக வாடை அடிக்கிற ஓர் அமிலத்தைச் சேர்க்க வேண்டும். பால் மாதிரி கலங்கும். காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டால் திடீரென்று தெளியும். காற்று துளியும் இருக்கக் கூடாது, நைட்ரஜனைக் குமிழியிட விட்டு விரட்ட வேண்டும். இன்னொரு சின்னக் குடுவையில் கருப்பான டெல்லூரியப் பொடியைத் தயார்செய்து, அதன் கருப்பு மறைந்து கரைசல் தெளிந்ததும், ஊசியால் உறிஞ்சி ஒரே மூச்சில் இதற்குள் செலுத்த வேண்டும். கை நடுங்கினால் போச்சு. காற்று புகுந்தால் அவ்வளவும் கறுத்துப்போய்க் குப்பையாகிவிடும்.

அந்த அமிலத்தின் நாற்றம் இருக்கிறதே, அதைச் சொல்லி மாளாது. எவ்வளவு குளித்தாலும் தலைமுடியில் உட்கார்ந்திருக்கும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் மூக்கைச் சுளித்துக்கொண்டு எழுந்து போயிருக்கிறார்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் என் மாமியார், "காலேஜுல என்னா கருவாடா காயப்போடுறீங்க?" என்பார். இதை நான் ஆய்வகத்தில் என் தோழியிடம் சொன்னேன். அவள் திருவேட்டக்குடிக்காரி, அப்பா கடலுக்குப் போகிறவர், எனக்கு இரண்டு வருடம் ஜூனியர், அதே கைடிடம்தான் ஆராய்ச்சி செய்தாள். கேட்டதும் இடுப்பில் கை வைத்துக்கொண்டாள். "எங்க ஊட்டுக் கருவாட்ட ஒங்க அத்தைக்கு ஒரு நாளு குடுத்துப் பாருங்கக்கா. அப்பறம் இந்த நாத்தத்தப் போயி கருவாடும்பாங்களான்னு பாப்போம்."

சிரிப்பெல்லாம் கர்ப்பம் பார்க்கிற குச்சியில் இரண்டு கோடு விழுகிற வரைக்கும்தான்.

எனக்கு ஏற்கெனவே ஒன்று தங்கவில்லை. அதற்கு முந்தைய வருடம், மூன்றாம் மாதம் முடிவதற்குள் போய்விட்டது. டாக்டரம்மா, "இது சகஜம்மா, மனசப் போட்டுக் கொழப்பிக்காதீங்க" என்றார். என்ன வேலை செய்கிறீர்கள் என்று கேட்டார். காலேஜில் ஆராய்ச்சி என்றேன். எதில் என்று அவர் கேட்கவில்லை. ஆனால் வீட்டுக்கு வந்து படுத்தபோது என் மண்டைக்குள் வேறு எதுவும் ஓடவில்லை. காட்மியமா, இல்லையா? யாரால் சொல்ல முடியும்? பாட்டிலின் மேலே மண்டை ஓட்டுப் படம் போட்டிருக்கிறதே தவிர, உன் பிள்ளை இதனால் போனது, இதனால் போகவில்லை என்று எழுதியிருக்கவில்லை.

இப்போது இரண்டாவது தடவை. இதாவது தங்க வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம், இது தங்கினால் போதும் என்று காரைக்கால் அம்மையார் கோயில் வாசலில் பஸ்ஸிலிருந்தபடியே கன்னத்தில் போட்டுக்கொண்டேன். போட்டுக்கொண்ட அதே கையோடு ஆய்வகத்துக்குப் போனேன். பயந்துபோன ஆள் எப்படி நடந்துகொள்வாள் என்று நினைக்கிறீர்கள்? நான் அப்படித்தான் நடந்துகொண்டேன்.

கட்டுரையைப் பார்த்த மதிப்பீட்டாளர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தார். சிவப்பு ஒளிரும் மாதிரியை மறுபடியும் அதே தரத்தில் செய்து காட்டுங்கள். நியாயமான கேள்விதான், மறுக்கவில்லை. ஆனால் எங்களுக்கு அந்தச் சிவப்பு ஒரே ஒரு தடவைதான் அழகாக வந்திருந்தது. அதற்குப் பிறகு ஆரஞ்சு வரை ஒழுங்காக வரும், அப்புறம் முகம் கறுத்து மங்கிவிடும். ஒரு நாள் கரண்ட் போய், கரைசலைக் கிளறுகிற கருவி நின்றுவிடும். ஒரு நாள் நைட்ரஜன் சிலிண்டர் தீர்ந்துவிடும். இன்னொரு நாள் காரணமே இல்லாமல் கெட்டுப்போகும்.

வீட்டில் பிள்ளையைப் பற்றித் தெரியும், காட்மியத்தைப் பற்றித் தெரியாது. ஆய்வகத்தில் காட்மியத்தைப் பற்றித் தெரியும், பிள்ளையைப் பற்றித் தெரியாது. இரண்டில் எங்கே வாயைத் திறந்தாலும் கதை முடிந்தது. மாமியார் நிறுத்திவிடுவார், இல்லையென்றால் கைடு சார் நிறுத்திவிடுவார். சிவப்பு ஒரு தடவை வந்துவிட்டால் நானே நிறுத்திவிடுவேன், அப்புறம் அந்தப் பக்கமே போக மாட்டேன் என்று எனக்கு நானே சத்தியம் செய்துகொண்டேன். கையுறைக்கு மேல் கையுறை போட்டேன். முகக்கவசத்துக்கு மேல் முகக்கவசம். மதியச் சோற்றை ஆய்வகக் கட்டடத்துக்குள்ளேயே கொண்டுபோகாமல் வெளியே வேப்பமரத்தடியில் உட்கார்ந்து தின்றேன். வாந்தி வந்தால், "காலையில தின்ன இட்லி ஒத்துக்கல" என்று தோழியிடம் சொன்னேன். அவள் ஒரு மாதிரி பார்த்துவிட்டுக் குடுவையைக் கழுவப் போனாள்.

இதற்கு நடுவில் ஆடிப்பெருக்கு வந்தது. அரசலாற்றில் தண்ணீர் கணுக்கால் அளவுக்குத்தான் இருந்தது. அந்தத் தண்ணீருக்கே படித்துறையில் அப்படி ஒரு கூட்டம். காப்பரிசி, காதோலை, கருகமணி எல்லாம் வைத்துக் கும்பிட்டோம். தாலிக்கயிறு மாற்ற வேண்டும். பக்கத்து வீட்டு அம்மா, "முழுகாம இருக்குற பொண்ணுக்குக் கயிறு மாத்தலாமாக்கா?" என்று கிளப்பிவிட்டார். என் மாமியாருக்கு முகம் மாறிவிட்டது. இதற்கும் பயப்பட வேண்டுமா, ஏற்கெனவே இருக்கிற பயம் போதாதா? மாமியார் மாதத்தை விரல் விட்டு எண்ணிவிட்டு, "மூணு மாசம் முடியலல்ல, மாத்தலாம். எல்லாம் நல்லதுக்குத்தான்" என்று தீர்ப்பு சொன்னார். வீட்டிலிருந்தே மஞ்சளை இழைத்துக் கிண்ணத்தில் கொண்டுவந்திருந்தார். புதுக்கயிற்றில் அதை அப்பி அப்பித் தடவினார், அப்படியே என் கழுத்திலும் இரண்டு பக்கமும் வழித்துவிட்டார். "இந்தத் தடவை ஒண்ணும் ஆவாது. நீ தைரியமா இரு கண்ணு" என்றார். அவருக்கும் பயம் இருந்திருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மறுநாள் ஆய்வகத்தில் எல்லாம் ஒழுங்காக அமைந்தது. கரைசல் முதல் தடவையிலேயே தெளிந்தது. டெல்லூரியம் கருப்பு மறைந்து, லேசான ஊதாவாகி, அதுவும் போய் வெள்ளைத் தண்ணீரானது. ஊசியால் செலுத்தினேன், கை ஆடவில்லை. கரைசல் தேன் நிறமாக மாறிக் கொதிக்க ஆரம்பித்தது. தோழி நூலகத்துக்குப் போயிருந்தாள். மதியம், முதல் மாதிரியை எடுக்க ரப்பர் மூடியில் ஊசியைக் குத்தி உறிஞ்சி வெளியே இழுத்தேன். ஊசி சிரிஞ்சிலிருந்து கழன்று, டப்பென்று ஒரு சின்னச் சத்தம். ஏதோ தெறித்த மாதிரி இருந்தது. போட்டிருந்த வெள்ளைக் கோட்டைப் பார்த்தேன், மேசையைப் பார்த்தேன், எங்கேயும் ஈரம் இல்லை. சரி, பிரமை என்று நினைத்து மாதிரிக் குப்பியை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போனேன்.

அது தராசு வைக்கிற அறை. கறுப்புத் துணியை ஜன்னலில் தொங்கவிட்டு இருட்டறை ஆக்கியிருந்தோம். எங்கள் புறஊதாப் பெட்டியின் விளக்கு எரிந்துபோய் வெகு நாள் ஆகியிருந்தது. கள்ள நோட்டு பார்க்கிற விளக்கு ஒன்றை வாங்கி அதை வைத்துக் காலம் தள்ளினோம். கதவைச் சாத்தி, விளக்கைப் போட்டு, குப்பியை அதன் கீழே நீட்டினேன். நல்ல பச்சை. சிவப்பை நோக்கிச் சரியான பாதையில் போகிறது. சந்தோஷத்தில் முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோய்க் குனிந்தேன். கோட்டின் கழுத்துக்குள்ளிருந்து தாலி நழுவி வெளியே தொங்கியது.

அது பச்சையாக ஒளிர்ந்தது.

கயிறு முழுக்கப் பச்சை. தராசின் கண்ணாடிக் கதவில் என் பிம்பம் தெரிந்தது. கழுத்தின் இரண்டு பக்கமும், தொண்டைக் குழியிலும், அதே பச்சை. குப்பிக்குள் என்ன நிறம் இருந்ததோ அதே நிறம், அச்சு அசல். தெறித்தது பிரமை இல்லை. ஐயோ என்று கத்தினேனா, கத்த நினைத்தேனா, நினைவில்லை. எத்தனை நாளாக இப்படி? இன்றைக்கு மட்டுமா? போன தடவையும் இப்படித்தானா, விளக்கைக் காட்டாததால் தெரியாமல் போயிற்றா? கழுத்தில் இருப்பது தோலுக்குள் இறங்கியிருக்குமா, வாய்க்குள் போயிருக்குமா? கை தானாக வயிற்றுக்குப் போனது. போன கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். அந்தக் கையிலும் என்ன ஒட்டியிருக்கிறதோ.

ஓடினேன். கோட்டைக் கழற்றி எறிந்து, கையுறைகளைக் கழற்றி எறிந்து, கை கழுவும் தொட்டியில் குழாயைத் திருகினேன். துணி துவைக்கிற சோப்புக்கட்டிதான் கிடந்தது. அதை எடுத்துக் கழுத்தில் தேய்த்தேன், தேய்த்தேன், தோல் உரியும் அளவுக்குத் தேய்த்தேன். தாலியைக் கழற்ற முடியாது, அந்த நேரத்திலும் அது கூடாது என்று ஏதோ தடுத்தது. கழுத்தில் இருந்தபடியே கயிற்றைக் கசக்கினேன். குனிந்து பார்த்தால் நுரை சிவப்பு. தொட்டியில் ஓடுகிற தண்ணீர் சிவப்பு. என் கழுத்திலிருந்து ரத்தம் கொட்டுகிறது என்றே நினைத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் தோழி உள்ளே வந்தாள். கையிலிருந்த புத்தகங்களை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்தாள். "அக்கா! என்னாக்கா ரத்தம்? என்னா ஆச்சு?"

"மேல பட்டுடுச்சுடி. கழுத்தெல்லாம் பட்டுடுச்சு. நான் முழுகாம இருக்கேன்டி!"

அவ்வளவு நாள் அடக்கி வைத்தது, இப்படிக் கழுத்தில் நுரையோடு வெளியே வந்தது. அவள் என் தோளைப் பிடித்து உட்காரவைக்கப் பார்த்தாள். நான் உட்கார மறுத்து மறுபடியும் தொட்டியில் குனிந்தேன். அடைப்பில் தேங்கிய தண்ணீர் கெட்டியான செம்மண் சிவப்பில் சுழன்றுகொண்டிருந்தது. அதையே பார்த்தேன். எங்கேயோ பார்த்த நிறம். ரத்தத்தின் நிறம் இல்லை. கல்யாணத்தன்று வாசலில் நிற்க வைத்துச் சுற்றினார்களே, அந்தத் தட்டில் இருந்த தண்ணீர். மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைப் போட்டதும் சிவக்குமே, ஆரத்தி. மஞ்சளும் காரமும்.

சோப்பு காரம். கழுத்தில் மஞ்சள்.

"மஞ்சள்டி" என்றேன். "நேத்து கயிறு மாத்துனோம்."

அவளுக்கு உடனே புரிந்துவிட்டது. மஞ்சளும் புறஊதா ஒளியில் பச்சையாக ஒளிரும் என்பது எங்கள் இருவருக்கும் தெரியாத விஷயமா என்ன? இளங்கலைப் பிள்ளைகளுக்கு நாங்களே செய்து காட்டியிருக்கிறோம். என் மூளைக்கு மட்டும் அந்த நேரத்தில் அது எட்டவில்லை. அவள் விளக்கை எடுத்துவந்து, கீழே எறிந்து கிடந்த கோட்டிலும் கையுறையிலும் காட்டினாள். கோட்டின் கழுத்துப் பட்டையில் மட்டும் மஞ்சள் ஒட்டிய தடம். வேறு எங்கும் ஒரு புள்ளி கூட இல்லை. "ஒண்ணும் தெறிக்கலக்கா. ஒங்க அத்தை பூசுனதுதான்" என்றாள். இருவரும் தரையில் உட்கார்ந்து சிரித்தோம். நான் சிரித்துக்கொண்டே அழுதேன், அப்புறம் அழுகை மட்டும்தான்.

ஏனென்றால் சிரிப்பு அடங்கியதும் அடுத்த பயம் வந்து உட்கார்ந்துவிட்டது. ஒளிர்வதைத்தானே விளக்குக் காட்டும்? நான் தினமும் எடை போடுகிற காட்மியம் உப்பு ஒளிராது. கரைசலில் துணுக்காக மாறாமல் மிச்சம் இருக்கிற காட்மியம் ஒளிராது. இத்தனை நாளாக எங்கேயாவது பட்டிருந்தால் எந்த விளக்கும் சொல்லப்போவதில்லை. இதை நான் சொல்லவில்லை, ஆனால் அவளும் அதையே நினைத்தாள் என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. எழுந்து போய்ப் புதுக் கையுறை ஒன்றை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

"நீங்க வெளியில போங்கக்கா. இனிமே இந்த ரூம்புக்குள்ள வராதீங்க. நான் பாத்துக்கறேன்."

"உனக்கு மட்டும் ஒண்ணும் ஆவாதா?"

"எனக்கென்னாக்கா, நான் தனிக்கட்டை. போங்க நீங்க."

சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார். "ஏம்மா, இத முன்னாடியே சொல்ல வேணாமா? ஏதாவது ஒண்ணு ஆயிருந்தா நான் என்னம்மா பதில் சொல்றது?" என்று கத்தினார். பயத்தில் கத்துகிறவரிடம் என்ன கோபித்துக்கொள்வது? திட்டி முடித்ததும் குரல் இறங்கி, "சாப்பிட்டியா?" என்று கேட்டார். எழுத்து வேலையை வீட்டில் இருந்தே செய்யச் சொன்னார். பிறகு கதவருகே நின்ற என் தோழியைப் பார்த்து, "அப்ப நீயே முடிச்சுக் குடுத்துடும்மா" என்றார். "சரிங்க சார்" என்றாள் அவள். உனக்குச் சம்மதமா என்று அவளை யாரும் கேட்கவில்லை.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் நின்றபோது அவளிடமிருந்து செல்போனில் ஒரு படம் வந்தது. இருட்டில் ஒரு குப்பி, குங்குமம் கரைத்த மாதிரி சிவப்பு. வந்துவிட்டது! நிறுத்தத்தில் நாலு பேர் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு, "அடி என் தங்கமே!" என்று சொல்லிவிட்டேன். படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். குப்பியைப் பிடித்திருந்த இரண்டு விரல்கள் தெரிந்தன. வெறும் விரல்கள், நகத்தில் மருதாணி. உடனே கூப்பிட்டேன்.

"கையுறை எங்கடி?"

"கையுறையோட போன்ல வெரலு வேல செய்யலக்கா. படம் எடுக்கத்தான் கழட்டுனேன். கழுவிட்டேன், கழுவிட்டேன்."

"நல்லாக் கழுவுனியா?"

"ஐயோ, கழுவிட்டேன்க்கா. நீங்க மொதல்ல பஸ்ஸப் புடிங்க."

அன்றைக்கே வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். மாமியார் உள்ளே போய்ச் சாமி படத்துக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்காரர், "வெஷம்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?" என்று மட்டும் கேட்டார். டாக்டரம்மாவிடமும் சொன்னேன். கையுறை போட்டிருந்தீர்களா, வாயில் பட்டதா, மயக்கம் வந்ததா என்று கேட்டார். ரத்தம் எடுத்துச் சென்னைக்கு அனுப்பினார்கள். முடிவு வந்தது, இருக்க வேண்டிய வரம்புக்குள்தான் இருக்கிறது என்றார்கள். அது எனக்கான வரம்பு. உள்ளே கட்டைவிரல் நீளத்துக்கு இருக்கிறதே, அதற்கு என்ன வரம்பு என்று கேட்டேன். "அப்படியெல்லாம் யோசிக்கக் கூடாதும்மா" என்றார் டாக்டரம்மா. யோசிக்காமல் இருப்பது எப்படி என்று அவர் சொல்லவில்லை.

மூன்றாம் மாதம் முடிந்தது. முடிந்த அன்று மாமியார் பாயசம் வைத்தார். ஒவ்வொரு ஸ்கேனுக்கும் நான் படுக்கையில் ஏறுவதற்குள் வியர்த்துக் கொட்டிவிடும். எலும்பு நன்றாக இருக்கிறதா, சிறுநீரகம் இரண்டும் இருக்கிறதா என்று நான் கேட்ட கேள்விகளில் ஸ்கேன் எடுக்கிற பெண்ணுக்கே எரிச்சல் வந்துவிட்டது. காட்மியம் எங்கெங்கே போய் உட்காரும் என்று படித்து வைத்திருந்ததால் வந்த வினை. படிக்காதவளாக இருந்திருந்தால் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். கட்டுரை ஏற்கப்பட்டது என்று சார் போன் செய்தபோது, சரிங்க சார் என்றேன். மற்றதெல்லாம் அன்றைக்கு எனக்குக் காதிலேயே விழவில்லை.

பெண் பிறந்தாள். நல்ல எடை, நல்ல அழுகை. விரல்களை எண்ணினேன், மறுபடியும் எண்ணினேன். என் தோழி திருவேட்டக்குடியிலிருந்து பால்சுறா வாங்கிக்கொண்டு ஓடிவந்தாள். பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறும் என்று அவள் அம்மா கொடுத்துவிட்டதாம். எங்கள் வீட்டில் அன்றைக்குத்தான் சுறாப்புட்டு என்று ஒன்றைச் செய்தார்கள், மாமியார் அவளைப் பக்கத்தில் நிறுத்திச் சொல்லச் சொல்லச் செய்தார். பிள்ளையைக் கையில் வாங்கும் முன் அவள் முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவியதை நான் பார்த்தேன். அவளும் நான் பார்த்ததைப் பார்த்தாள்.

பட்டம் வாங்கினேன். பக்கத்தில் ஒரு பள்ளியில் வேதியியல் எடுக்கிறேன். என் பெண்ணுக்கு இப்போது இரண்டரை வயது. அவள் உட்காரக் கொஞ்சம் தாமதமானபோது டாக்டரிடம் ஓடினேன். பல் முளைக்கத் தாமதமானபோது ஓடினேன். இப்போது குழந்தைகளுக்கென்று இருக்கிற ஒரு டாக்டர்தான் பார்க்கிறார். என்னைக் கண்டாலே அவர் சிரிக்க ஆரம்பித்துவிடுகிறார். "பிள்ளைக்கு ஒண்ணும் இல்லம்மா, நீங்கதான் மருந்து சாப்பிடணும்" என்கிறார். மாமியார் தலையில் அடித்துக்கொள்கிறார். நானும் ஒவ்வொரு தடவையும் இதுதான் கடைசி என்றுதான் நினைத்துக்கொள்கிறேன்.

என் தோழிக்குப் போன தை மாதம் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை அதே கடற்கரை ஊர்தான், சொந்தமாக விசைப்படகு. அவளுடைய ஆராய்ச்சி இன்னும் முடியவில்லை. சார் ஓய்வு பெற்ற பிறகு வேறு கைடு, அதே ஆய்வகம், அதே குடுவைகள்.

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் கூப்பிட்டாள். வழக்கமாக, "அக்கோவ்" என்று கத்திக்கொண்டு வருகிற குரல், அன்றைக்குத் தணிந்து இருந்தது. கொஞ்ச நேரம் என் பெண்ணைப் பற்றி விசாரித்தாள், மழையைப் பற்றிப் பேசினாள், படகுகள் கடலுக்குப் போகவில்லை என்றாள்.

"அக்கா, எனக்கு நாளு தள்ளிப்போயிருக்குக்கா."

"ஏய், நல்ல சேதிய இப்புடியா சொல்லுவ!" என்று சத்தம் போட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"வெள்ளிக்கிழம வரைக்கும் காட்மியத்துலதான்க்கா இருந்தேன். ஒங்களுத முடிச்சதுலேருந்து இன்னிக்கு வரைக்கும் அதுலதான் இருக்கேன்." மறுமுனையில் அவள் மூச்சு விடுவது கேட்டது. "அக்கா, ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. ஒங்களுக்கு அந்தப் பயம் எப்பக்கா போச்சு?"

என் பெண் கூடத்தில் தரையில் உட்கார்ந்து தட்டில் இட்லியைப் பிய்த்துப் பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து லேசாக மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.

"பொறந்து கையில வாங்குனேன் பாரு, அந்த நிமிஷமே போயிடுச்சுடி" என்றேன்.

"நெசமாவாக்கா?"

"நெசமாத்தான். நீ நாளைக்கே புது கைடுகிட்ட சொல்லிடு. சொல்லிட்டு வெளியில வந்துடு."

"சரிக்கா" என்று பெருமூச்சு விட்டாள். குரல் தெளிந்துவிட்டது. இன்னும் ஏதேதோ பேசிச் சிரித்துவிட்டு வைத்தாள்.

நான் போனை வைத்துவிட்டுப் போய், பிள்ளையின் கழுத்தில் கை வைத்துப் பார்த்தேன். சூடு இல்லை. இருந்தாலும் வாயைத் துடைத்து, சட்டையை மாற்றி, இடுப்பில் தூக்கிக்கொண்டேன். "ஞாயித்துக்கெழமையுமா?" என்றார் மாமியார். செருப்பை மாட்டிக்கொண்டு டாக்டர் வீட்டுக்குக் கிளம்பினேன்.